பொல்லாதவர்கள் ஏரிக்கு ஆசைப்பட்டவள்

கெலிமுத்து மலை உச்சியில் காபி விற்கிற பிளாந்தினாவைத் தெரியாதவர்கள் எங்கள் பெமோ ஊரில் கிடையாது. வயது அறுபத்தொன்று. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே இடம், ஒரே பலகை, ஒரே ஃபிளாஸ்க். இல்லை, ஃபிளாஸ்க் மட்டும் மூன்று தடவை மாறியிருக்கிறது. அவள் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை, அவளைப் பற்றிச் சொல்லும்போது நான் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

சூரியன் எழுவதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் நடுங்கிக்கொண்டு ஏறி வருவார்கள். அவர்களுக்கு முன்னால் இவள் வந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் முதல் டம்ளர் காபி யாருக்கும் கிடையாது. அதைக் கம்பித் தடுப்புக்கு அப்பால், கீழே பச்சையும் நீலமுமாகக் கிடக்கிற ஏரியைப் பார்த்துக் கவிழ்ப்பாள். "இந்தாங்க, காபி" என்பாள். சர்க்கரை போட மாட்டாள், அவள் புருஷன் மீருஸுக்குச் சர்க்கரை பிடிக்காது. அவ்வளவுதான். அழுகையும் கிடையாது, ஜெபமும் கிடையாது. திரும்பி வந்து அடுப்பை ஊதுவாள்.

மீருஸ் கள் இறக்கப் பனையேறி விழுந்து செத்தபோது அவனுக்கு முப்பத்திரண்டு, இவளுக்கு இருபத்தெட்டு, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அன்றைக்கும் இவள் அழவில்லை. ஊரே கூடி உலுக்கிப் பார்த்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அந்த மரப்பு பிறகு தெளியவே இல்லை. அதோடேயே மகளை வளர்த்தாள், எண்டே பட்டணத்தில் கட்டிக்கொடுத்தாள், மாமியார் பிலோமெனாவுக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டினாள். எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு தெம்பு இருந்தது. செத்தவர்கள் எல்லோரும் இந்த மலைக்குத்தான் வருகிறார்கள். வாசலில் காவல் தெய்வம் கொண்டே ராத்து உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்களைப் பார்த்து, நீ அந்த ஏரி, நீ இந்த ஏரி என்று அனுப்புகிறார். மீருஸ் போல இளசாகச் செத்தவர்களுக்கு ஒன்று, வயதாகிச் செத்தவர்களுக்கு ஒன்று, சூனியம் வைத்துப் பிறத்தியாரைக் கெடுத்த பொல்லாதவர்களுக்கு ஒன்று. மூன்றும் ஒரே மலையில்தானே இருக்கின்றன? ஒருநாள் நாமும் மீருஸிடம் போய்விடுவோம் என்று பிளாந்தினா நினைத்திருந்தாள். நினைத்திருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அரிசி டப்பாவில் அரிசி இருக்கிறது என்று தெரிந்திருக்குமே, அப்படித் தெரிந்து வைத்திருந்தாள்.

அதைக் கெடுத்தது அவள் ஓரகத்தி ஒதீலியா. மீருஸின் தம்பி மனைவி. பக்கத்துப் பலகையில் நூடுல்ஸ் விற்கிறவள். மனசில் கள்ளமில்லை, வாய்க்குத்தான் கதவில்லை. ஒருநாள் மேகம் இறங்கி மலையையே மூடிவிட்டது. ஆள் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒதீலியா வாயைத் திறந்தாள்.

"ஏன்க்கா, தெனம் மாமாவுக்கு ஊத்திக் குடுக்கறியே, நாளைக்கு உனக்கு யாரு ஊத்துவா?"

"நீதான். வேற யாரு இருக்கா?"

"அதுக்கு நா அந்தப் பக்கம்ல நடக்கணும்! உனக்குப் பெருசுங்க ஏரிதான். மாமா இங்க எளவட்டங்களோட கும்மாளம் போட்டுக்கிட்டு இருப்பாரு. நீ அங்க நம்ம மாமியாகிட்ட வசவு வாங்கிக்கிட்டுக் கெடப்ப. செத்தும் விடிவு இல்லக்கா உனக்கு!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தபின், டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்த பிளாந்தினாவின் கை நின்றுவிட்டது.

சுற்றுலாக் கூட்டத்துக்கு வழிகாட்டிகள் இதையேதான் தினமும் சொல்கிறார்கள். பத்தாயிரம் தடவை கேட்டிருப்பாள். ஆனால் தன் வயதை அதில் வைத்துப் பார்த்ததில்லை. இளமை எந்த வயதில் முடிகிறது என்று யாரும் சொன்னதில்லை. எந்த வயதாக இருந்தால் என்ன, அறுபத்தொன்று அதைத் தாண்டிவிட்டது. முப்பத்தைந்தில் மலேரியா வந்தபோது போயிருந்தால் அவரிடம் போயிருப்பாள். மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டாள். மகளுக்காகப் பிழைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

பெரியவர்கள் ஏரி மேற்கே, தனியாக, ஒரு மேட்டுக்கு அப்பால் கிடக்கிறது. மறுநாள் அதைப் போய்ப் பார்த்தாள். கரும்பச்சையாக, அசையாமல் இருந்தது. மாமியாரின் குரல் கேட்பது போலவே இருந்தது. சீக்கிரம் திரும்பிவிட்டாள்.

எரிமலைக் கண்காணிப்புச் சாவடியில் வேலை பார்க்கிற டாமியன் மாதம் ஒருமுறை மேலே வருவான். தண்ணீரின் சூட்டை அளப்பான், நிறத்தைப் படம் பிடிப்பான். இளசுகள் ஏரிக்கும் பொல்லாதவர்கள் ஏரிக்கும் நடுவே நிற்கிற ஒல்லிச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. அதன் இரு பக்கமும் சிவப்புச் சாயத்தில் புள்ளி வைத்து, நாடாவால் அளந்து எழுதிக்கொள்வான். அவன் காபிக்கு உட்கார்ந்ததும் பிளாந்தினா கேட்டாள்.

"ஏம்ப்பா, அந்தப் பெருசுங்க ஏரியும் இந்த ஏரியும் எப்பவாவது ஒண்ணாச் சேருமா?"

"அது நடக்காது பெரியம்மா. அது தனி வாய். வேற எப்பவோ வெடிச்சது. நடுவுல ஒரு மலையே உக்காந்திருக்குல்ல."

"கீழ தண்ணிக்குத் தண்ணி வழி இருக்காதா?"

"இருந்தா ரெண்டும் ஒரே நெறமா இருக்காதா? அதுக்கு அடியில வர்ற காத்து வேற, இதுக்கு வேற. காத்துக்குத் தக்கன தண்ணில இருக்கற இரும்பு நெறம் மாறுது."

"துருப்பிடிக்கற மாதிரி."

"அதேதான். நீங்க என் வேலைக்கு வந்துடுங்க, நா காபி விக்கறேன்" என்று சிரித்துவிட்டு, ஒல்லிச் சுவரைக் கை காட்டினான். "சேரணும்னா இதுங்க ரெண்டும்தான் சேரும். இது முன்ன நல்ல கல்லு. கீழேருந்து வர்ற புளிச்ச ஆவி தின்னு தின்னுக் களிமண்ணா ஆக்கிடுச்சு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் சரியுது. ஒருநா மொத்தமா உக்காந்துடும். அப்ப ரெண்டும் ஒரே தண்ணி."

"எப்ப?"

"பத்து வருசமும் ஆகலாம், ஆயிரம் வருசமும் ஆகலாம். ஏன், அவசரமா?"

"அவசரம் இல்ல" என்றாள் பிளாந்தினா. செத்தபின் ஆயிரம் வருடம் ஒரு கணக்கா?

அன்றைக்கு முடிவு செய்தாள், பொல்லாதவர்கள் ஏரிக்குப் போவதென்று. பழைய டிகாக்‌ஷன் நிறத்தில், பார்த்தாலே குமட்டுகிற ஏரி. ஆனால் அங்கே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டால் போதும். சுவர் ஒருநாள் விழும்.

எங்கள் ஊரில் வேறு யாருக்காவது இந்த யோசனை வருமா சொல்லுங்கள். கொண்டே ராத்துவையே ஏமாற்றப் பார்க்கிறாள், அதுவும் நல்லவள் என்று பேரெடுத்தவள்!

பொல்லாதவளாக ஆவது அவ்வளவு லேசில்லை. முதலில் காபியில் தூளைக் குறைத்தாள். வெள்ளைக்காரர்கள் இதுதான் பக்குவம் என்று பாராட்டிக் குடித்தார்கள். ஒதீலியாவின் நூடுல்ஸில் கரப்பான் கிடந்தது என்று பொய் சொல்லிவைத்தாள். அதைக் கேட்ட ஒதீலியா, "ஐயோ, கண்ணு தெரியலயாக்கா உனக்கு? மோனி ஊருக்குக் கண் டாக்டரு வர்றாராம், கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம் தன் பன்றியை அவிழ்த்து ஒதீலியாவின் மரவள்ளித் தோட்டத்தில் விட்டாள். பன்றி பாதித் தோட்டத்தைக் கிளறிப்போட்டது. ஒதீலியா வேலியைக் கட்டிவிட்டு, மிஞ்சிய கிழங்கைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து இவள் வீட்டில் இறக்கினாள். "உன் பன்னி புண்ணியத்துல இந்த வருசம் தோண்டற வேலை மிச்சம்."

இவர்களை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிக் கெட்டுப்போவது?

பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கஷ்டப்பட்டுச் சேர்த்த பாவத்தைச் சாமியார் ஒரே நிமிடத்தில் கழுவிவிட்டால் என்ன ஆவது? மூன்று சனிக்கிழமை பார்த்த பங்குச் சாமியார், உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். இவள் கொல்லைப்பக்கம் ஓடி ஒளிந்துகொண்டாள். அதையும் ஊர் மன்னித்துவிட்டது. பாவம், வயசாகுது என்றார்கள். அந்த வார்த்தைதான் அவளுக்கு வேண்டாத வார்த்தை.

ஆகஸ்ட் வந்தது. செத்தவர்களுக்கு மலையேறிச் சோறு படைக்கிற நாள். குடும்பத்துக்கு ஒரு தட்டு: சோறு, பன்றிக்கறி, வெற்றிலை, புகையிலை, கள்ளுச் சாராயம். படையல் கல்லின் மேல் வைத்துவிட்டால் செத்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை உயிருள்ளவன் கை அதில் படக்கூடாது. பட்டால் அவன் மனுஷனே இல்லை. எங்கள் சடங்குத் தலைவர் மொசலாகி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்புத் துணி கட்டிய பெரியவர்கள் தலை குனிந்து நின்றார்கள். பிளாந்தினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தன் குடும்பத் தட்டிலிருந்து ஈரல் துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

மந்திரம் நின்றது. அவளுக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. மென்றாள். இதோடு முடிந்தது, இனி யாரும் என்னை நல்லவள் என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தாள்.

மொசலாகி மெல்லக் கிட்டே வந்தார். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "யாரு வந்திருக்கீங்க?" என்று பணிவாகக் கேட்டார்.

வாய் நிறைய ஈரல். அதை விழுங்குவதற்குள் பின்னாலிருந்து ஒதீலியா அலறினாள்.

"அத்தையேதான்! பிலோமெனா அத்தை! ஈரல்னா அவங்க யாருக்கும் விட்டுவச்சதில்லையே!"

கூட்டம் சிலிர்த்துப்போனது. அவளைப் பாயில் உட்காரவைத்தார்கள். இன்னும் நாலு துண்டு ஈரல் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாராயத்தை ஊற்றி, விளைச்சல் எப்படி இருக்கும், மருமகளுக்குப் பிள்ளை எப்போது பிறக்கும் என்றெல்லாம் கேட்டார்கள். எந்த மாமியாரிடமிருந்து தப்பிக்க இத்தனையும் செய்தாளோ, அந்த மாமியாராகவே உட்கார்ந்து பிளாந்தினா ஈரல் தின்றாள். மறுத்துச் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

இறங்கி வரும் வழியில் ஒதீலியாவிடம் உண்மையைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், பன்றியை அவிழ்த்துவிட்டது உட்பட. ஒதீலியா அந்த ஒரு தடவை சிரிக்கவில்லை.

"நா ஒரு கிறுக்கச்சி. மாமாவப் பத்தி ஏதோ வாயில வந்ததச் சொன்னேன்."

"நீ சொன்னது நெசம்தானே."

"நெசம்னா சொல்லிடணுமாக்கா?"

அடுத்த மாதம் டாமியன் வந்தான். நாடாவைச் சுருட்டிக்கொண்டே பலகையில் உட்கார்ந்தான்.

"விரிசல் நாலு விரல் கூடியிருக்கு பெரியம்மா. நா நெனச்சதவிட வேகமாப் போகுது. இனி கிட்டப் போகக் கூடாதுன்னு பலகை வைக்கச் சொல்லணும்."

பிளாந்தினாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலையை ஆட்டினாள்.

"இன்னைக்குக் காபி சும்மா குடுங்க. எனக்குப் பொறந்த நாள்."

"எத்தனை வயசு?"

"முப்பத்திரெண்டு முடிஞ்சுது."

அவள் டம்ளரை நீட்டியபடி அவனைப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்த முகம்தான். காது இரண்டும் வெளியே விரிந்திருந்தன. மோவாயில் ஒரு பரு. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவசரமாக வாய் வைத்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, ஆ ஊ என்று குதித்தான். முப்பத்திரண்டு என்றால் இவ்வளவுதானா? செத்தபோது மீருஸ் இவ்வளவு சின்னப் பிள்ளையா?

முப்பது வருடமாக அவள் மனதில் மீருஸ் தன்னைவிட நான்கு வயது மூத்தவர். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். அவள் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவர்.

"சூடு பெரியம்மா! சொல்லக் கூடாதா?" என்றான் டாமியன்.

பெரியம்மா. சுவர் நாளைக்கே விழுந்து, தண்ணீரோடு தண்ணீராக அவள் அந்தப் பக்கம் போய் நின்றாலும், மீருஸ் அவளைப் பார்த்து அதைத்தான் சொல்வார். வழிவிட்டு ஒதுங்கி, யாரைத் தேடறீங்க பெரியம்மா என்று மரியாதையாகக் கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பன்றி, கரப்பான், ஈரல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று வெளியே நின்ற ஒதீலியா சொல்கிறாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும்.

திங்கட்கிழமை விடியும்போது எப்போதும் போலப் பிளாந்தினா மேலே இருந்தாள். முதல் டம்ளரில் காபியை ஊற்றினாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து, சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவது போல இரண்டு கரண்டி போட்டு, டம்ளர் மாற்றி ஆற்றினாள். கம்பித் தடுப்புக்கு அருகே போய் நின்றாள். அவள் கன்னம் நனைந்திருந்ததை ஒதீலியா பார்த்தாள். பார்த்தும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"இந்தாப்பா, காபி" என்றாள் பிளாந்தினா ஏரியைப் பார்த்து. "சூடா இருக்கு. ஊதிக் குடி."