ஆறு பட்டை நட்டு

என் வீட்டு ஷோகேசில் கேடயங்கள் நாலைந்து நிற்கின்றன. வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அவற்றின் நடுவே கிடக்கும் ஒரு நட்டைத்தான். ஆறு பட்டை, பட்டைக்குப் பட்டை பஞ்ச் உளியால் குத்திய புள்ளிகள், ஒன்றிலிருந்து ஆறு வரை. மூன்றாம் வகுப்போடு நின்ற நான் செய்தது.

அறுபதுகளில் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, நெய்வேலிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் வலது பாதம் கீழ்நோக்கி மடங்கி அப்படியே இறுகிவிட்டது. குதிகால் தரையில் படாது. பர்மனென்ட் ஆவதற்கான மெடிக்கலில் ஆபீசர் அந்தக் குதிகாலுக்கடியில் ஒரு காகிதத்தைச் செருகி, சுலபமாக உருவிக் காட்டினார். "குதி ஊனினா வா" என்று அடுத்த மெடிக்கலுக்குத் தள்ளிவிட்டார்.

வெளியூர் எலும்பு டாக்டர் ஒருவர் வழி சொன்னார். கணுக்காலுக்கு மேலும் குதிகாலிலும் எலும்பைத் துளைத்துக் கம்பி ஏற்றி, வெளியே இரு பக்கமும் நட்டு ஓடும் மரைத்தண்டு பூட்டி, குதிகாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளலாம். தண்டு கிடைக்கவில்லை. நான் லேத்தில் கடைந்து கொடுத்தேன், அவர் காலில் பூட்டினார். சுரங்கப் பட்டறையில் அந்தக் கை எனக்குத்தான் இருந்தது. சொல்லிக்கொள்ள என்ன வெட்கம்?

"நட்டை தினம் ஒரு பட்டை திருப்புங்க, போதும்" என்றார் டாக்டர். மாமா எங்கள் குவார்ட்டர்ஸில் படுத்திருந்தார்; நானும் என் இரண்டு தம்பிகளும் பட்டறையில் ஆளுக்கொரு ஷிப்ட். முந்தின ஷிப்ட்காரன் இறுக்கினேன் என்றாலும் நம்பாமல், வந்தவன் ஸ்பேனர் வைத்து ஒரு இழுப்பு இழுப்பது எங்கள் பழக்கம். மாமாவின் காலிலும் அதையே செய்தோம், ஒருவரையொருவர் கேட்காமல். ஐந்தாம் நாள் விரல்கள் நீலம் பாரித்துச் சில்லிட்டன. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"ஏன் மாமா வாயத் தொறக்கல?"

"வலிச்சாதான் நேராவுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்டா மச்சான். மெடிக்கலு போயிடுமே."

"இது இன்னா கன்வேயரா? மனுசன் காலுய்யா!" என்று கத்திக்கொண்டே டாக்டர் தளர்த்தினார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பாதமே போயிருக்குமாம்.

அன்றைக்கே நட்டுகளில் புள்ளி குத்தினேன். ஒரு புள்ளி மேலே தெரிந்தால் திங்கட்கிழமை வேலை முடிந்தது, இரண்டு என்றால் செவ்வாய். நட்டே சொல்லிவிடும். ஞாயிறு? "வார லீவுங்க" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும் என்னிடமே கேட்டு வாங்கினார்.

அடுத்த மெடிக்கலில் மாமா காகிதத்தை மிதித்து நின்றார். ஆபீசர் இழுத்தார். காகிதம் கிழிந்தது.

இப்போதும் மாமா கைத்தடியில்லாமல் ஞாயிறுதோறும் வருகிறார். யாரிடமாவது நான் இந்த நட்டைக் காட்டிக் கதையை ஆரம்பித்தால், வலது காலை இழுத்து வைத்துக்கொள்வார்.

"இன்னிக்கு லீவுடா மச்சான். கால்ல கை வெக்காத."