சாத்தனூர் அணையில் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த ஞாயிற்றுக்கிழமை

கிரிவலம் முடிச்சாச்சு, கையில ஒரு நாள் மிச்சம் இருக்கு, எங்க போகலாம்னு இந்தப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறீர்கள். நான் எப்பவும் சாத்தனூர் அணைனுதான் சொல்வேன். "அங்க இன்னா இருக்கு, ஒரு பார்க்கும் நாலு முதலையும்தானே?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். அந்த ஊருக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரிசு.

நாங்கள் போனது 1993, மாசி மாதம். ஊர் சுற்றப் போகவில்லை, என் தங்கை கலாவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனோம். சின்ன வயசில் போலியோ வந்து கலாவுக்கு இடது கால் சரியாக ஊன்றாது, சாய்ந்துதான் நடப்பாள். டெய்லரிங்கில் கெட்டிக்காரி, வாயும் கெட்டி. ஆனால் கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், சமையலறையிலிருந்து அவள் காபித் தட்டோடு நடந்து வருவதை மட்டும் பார்த்தார்கள். பஜ்ஜியை மட்டும் ஒன்று விடாமல் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய் சேதி சொல்றோம்" என்று எழுந்து போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். கடைசிக் கூட்டம் போன பிறகு கலா சொன்னாள், "அக்கா, இனிமே நம்ம வீட்டுக்குள்ள யாரையும் கூட்டியாந்து என்னை நடக்கச் சொல்லாத. சொன்னா நான் கல்யாணமே வாணாம்னு எழுதிக் குடுத்துடுவேன்."

அப்போதுதான் கல்யாணத் தரகர் சாத்தனூர் அணையைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். இரண்டு வீட்டாரும் தற்செயலாக வந்த மாதிரி அணைக்கு வருவார்கள். ஒரே மர நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டு, பொதுவாகப் பேசுவார்கள். பிடித்தால் விலாசம் கேட்பார்கள். பிடிக்காவிட்டால் "வர்றோங்க" என்று பஸ் ஏறிவிடுவார்கள். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. ஒரே ஒரு சட்டம், எதற்காக வந்தோம் என்று வாயைத் திறந்து சொல்லவே கூடாது. தரகரும் கூட வரக் கூடாது. "போளூர் பக்கத்து ஆளுங்க. பையன் நீலச் சட்டை, அம்மா மஞ்சப் புடவை, முதலைப் பண்ணைகிட்ட இருப்பாங்க," அவ்வளவுதான் அவர் கொடுத்த அடையாளம்.

திருவண்ணாமலையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே. தண்டராம்பட்டு வழியாக டவுன் பஸ், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இரண்டு பக்கமும் மணிலாக் கொல்லை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். நான், என் வீட்டுக்காரர், கலா, மூன்று பேரும் போனோம். அவர் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டார், அணையில் இறங்கியும் பாதித் தூக்கம்தான்.

இறங்கியதும் மீன் கடை வாசனை இழுத்தது. அங்கே மீன் வறுத்துக் கொடுத்த அம்மா ஊர்ச் சரித்திரத்தையே சொல்லிவிட்டாள். "எங்கம்மா அப்பா ரெண்டு பேரும் அணை கட்ட கல்லு சுமக்க வந்தவங்க. அப்ப இது வெறும் காடு, கொட்டாய் போட்டுக்கினு கெடந்தாங்க. கட்டி முடிச்சதும் ஆபீசருங்க வந்தாங்க, குவார்ட்டர்ஸ் வந்துச்சு, டீக்கடை வந்துச்சு. அப்பறம் பார்க்கு போட்டாங்க. பார்க்கைப் பாத்துட்டு சினிமாக்காரன் வந்தான், மரத்துக்கு மரம் டூயட்டு! மெட்ராஸ்லருந்து பஸ் பஸ்ஸா ஜனம். சினிமாக்காரன் வேற ஊரைப் பாத்துட்டுப் பூட்டான். முதலைங்கதான் எங்கள வுட்டுப் போவல. இப்ப ஞாயித்துக்கெழமைன்னா பொண்ணு பாக்கறவங்கதான் ஜாஸ்தி. நீங்களும் அதுக்குத்தானே வந்தீங்க?"

"சேச்சே, சும்மா சுத்திப் பாக்க," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கலா இலையில் இன்னொரு துண்டு வைத்தாள்.

முதலைப் பண்ணைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நீலச் சட்டையும் மஞ்சள் புடவையும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்தோம். புளிச்சோற்றை எடுத்து நீட்டினேன், அந்த அம்மா முறுக்கு கொடுத்தாங்க. எந்த ஊர் என்றேன். போளூர் தாண்டி என்றாங்க. பையன் என்ன செய்றார்? மோட்டார் ரீவைண்டிங் கடை. சொந்தக் கடையா, வாடகையா? தண்ணி போடுவாரா? கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? எல்லாத்துக்கும் அந்த அம்மா மலர்ந்த முகத்தோடு பதில் சொன்னாங்க. பதிலுக்கு எங்கள் கதையையும் கேட்டாங்க. எல்லாம் கூடி வருதுனு எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பையன் முதலை பார்க்க எழுந்தார், கலாவும் போனாள். நான் அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். கலா என்னைத் தனியாக இழுத்தாள்.

"அக்கா, இவங்க அவங்க இல்ல."

"இன்னாடி சொல்ற?"

"இவங்க பொண்ணு பாக்கவே வரல. நெசமாவே முதலை பாக்கத்தான் வந்தாங்களாம்."

பக்கத்தில் உட்கார்ந்தவரின் சம்பளம் வரைக்கும் விசாரிக்கிறதுதானே நம்ம ஜனங்க பழக்கம்! அந்த அம்மா சந்தேகப்படவே இல்லை. "அய்யய்யோ, மானம் போச்சு. எழுந்திரு, பஸ்ஸுக்குப் போலாம்."

"இரு அக்கா. நானே கேட்டுட்டேன்."

"என்னத்த?"

"என் கால் இப்படித்தான், நல்லா பாத்துக்குங்க, கட்டிக்கிறீங்களானு. அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்னாரு. அம்மா அங்கதானே எங்கக்காகிட்ட முறுக்கு குடுத்துக்கினு இருக்காங்க, இப்பவே போய்க் கேளுங்கனு சொன்னேன்."

திரும்பிப் பார்த்தேன். பையன் அவங்கம்மா காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தாங்க. "ஏம்மா, இம்மா நேரம் நீ பொண்ணு குடுக்கத்தான் விசாரிச்சியா? நான் பேச்சுத் துணைக்குனு நெனச்சு, என் சக்கரை வியாதி வரைக்கும் சொல்லிட்டேனே!" என்று வாய்விட்டுச் சிரித்தாங்க. பிறகு கலாவின் கையைப் பிடித்து, "உன்ன மாதிரி கேக்கறதுக்கு எங்க வீட்ல ஒரு ஆளு வேணும்" என்றாங்க. என் வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பி விலாசம் எழுதச் சொன்னேன்.

நிஜமான மாப்பிள்ளை வீட்டார் பண்ணையின் பின்பக்கம் காத்திருந்து திட்டிக்கொண்டே போனார்களாம், தரகர் பிறகு வந்து சொன்னார். மவராசனுங்க, அவர்களுக்கும் ஒரு கும்பிடு. முறுக்கு கொடுத்த அம்மா வீட்டார் வேற ஜாதி என்று எங்கள் பெரியப்பா குதித்தது தனிக் கதை. வைகாசியில் நடந்த கல்யாணத்தில் அவர்தான் முதல் பந்தி. கலாவுக்கு இப்போது போளூரில் இரண்டு மெஷின் போட்ட சொந்தத் தையல் கடை இருக்கிறது.

போகிறவர்களுக்கு: மழை முடிந்து தை, மாசியில் போங்கள், அணையில் தண்ணீர் இருக்கும், வெயில் கம்மி. காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது. மீனைக் கண்ணெதிரே வறுத்து வாங்குங்கள். திரும்ப பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள், சாயங்காலம் ஆனால் திண்டாட்டம். பெண் பார்க்கப் போகிறவர்களா? பெரியவர்கள் மர நிழலில் கிடக்கட்டும். கேட்க வேண்டியதைப் பெண்ணே கேட்கட்டும்.