எட்டு லட்சுமிகளும் பக்கத்துக் கடையும்

பொம்மைக் கடை போடுகிறவர்களுக்கு வெயில் பழகிவிடும், மழை பழகிவிடும், பாதி விலைக்குக் கேட்கிறவர்கள்கூடப் பழகிவிடுவார்கள். பக்கத்துக் கடையில் கூட்டம் நிற்பது மட்டும் கடைசிவரை பழகாது. கடை போட்டு ஈ ஓட்டிய அனுபவம் உள்ளவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நவராத்திரிக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஒரு மைதானத்தில் கைவினைத் திருவிழா நடக்கும். நான் காகிதக்கூழில் கொலு பொம்மை செய்து வண்ணம் தீட்டுகிறவள். இந்த வருடம் எனக்கு அடுத்த கடை ஐயம்பேட்டை சுகுணாவுக்கு விழுந்தது. அவள் பொம்மைகளுக்கு வண்ணத்தில் புடவை கிடையாது. தறியில் மிஞ்சிய அசல் பட்டுத் துண்டையே மடிப்பு வைத்துக் கட்டிவிடுவாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தனக்கு டீ வாங்கும்போதெல்லாம் எனக்கும் "அக்கா" என்று ஒன்று நீட்டுவாள்.

பை

முதல் நாள், ஒரு குடும்பமே என் கடை முன்னால் வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண்கள். எழுந்து நின்று, பெரிய பிள்ளையாரைத் துடைத்து முன்னால் வைத்தேன். பெண்கள் இருவரும் சுகுணாவின் பட்டுப் பொம்மைகளைப் பார்த்ததும் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். புருஷன் பின்னாலேயே போனார்.

அந்த அம்மா மட்டும் என் கடை நிழலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, இவராவது வாங்குவார் என்று விலையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையிலிருந்த கனமான பையைப் பிள்ளையார் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

"நீங்க சும்மாதான உக்காந்துக்கினு இருக்கீங்க, இதக் கொஞ்சம் பாத்துக்குங்கம்மா."

தார்ப்பாய்

மறுநாள் மத்தியானம் காற்று கிளம்பி, பெரிய பெரிய தூறலாக விழுந்தது. என் வீட்டுக்காரர் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார். எங்கே? சுகுணா கடைக்கு. அவள் தார்ப்பாயை நாலு மூலையும் இழுத்துக் கட்டி, முடிச்சைச் சரிபார்த்துவிட்டு வந்தார். அதற்குள் நான் ஒருத்தியாக முந்தானையால் பொம்மைகளை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு கிருஷ்ணருக்கு மூக்கு ஊறிப் போயிற்று.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்குக் காரணமே புரியவில்லை.

"அவுங்களுது பட்டு, நனைஞ்சா போச்சு. நம்பளுது காயிதந்தான, காய வச்சிக்கலாம்."

கண்

இனிதான் விஷயம். என் மகள் தேவியை ஆவணியில் வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்தோம். புகுந்த வீட்டில் அவளுக்கு இது முதல் கொலு. அதற்குப் பொம்மை பிறந்த வீட்டிலிருந்து போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவளுக்கென்றே அஷ்டலட்சுமி செய்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமியாரோடு திருவிழாவுக்கு வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. அந்தப் பட்டுக்கு முன்னால் என் எட்டு லட்சுமிகள் எடுபடுவார்களா என்ற நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் போயிற்று.

எங்கள் தொழிலில் கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவோம். நாலு பேர் நின்று பார்ப்பார்களே என்று கடையிலேயே உட்கார்ந்து எழுதினேன். கை பொம்மை மேல், மனசெல்லாம் சுகுணா கடைக் கூட்டத்தின் மேல். முடித்து வரிசையாக வைத்தபோதுகூட நான் கவனிக்கவில்லை. வேடிக்கை பார்த்த ஒரு பெரியவர்தான் குனிந்து உற்றுப் பார்த்தார். திறந்த கண்ணை அழிக்கக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம். அதனால் அவர் கேட்டதும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன்.

"ஏம்மா, எட்டு லட்சுமியும் ஓரக்கண்ணால பக்கத்துக் கடையையே பாத்துக்கினு இருக்குதே, அங்க இன்னா விசேஷம்?"

சம்பந்தியம்மா

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சம்பந்தியம்மா லட்சுமிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் லேசாகச் சுருங்கியது. தேவி பொம்மைகளைப் பார்த்தாள், சுகுணா கடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விறுவிறுவென்று அந்தக் கடைக்கே போனாள். பெற்ற மகளும் அங்கேயா என்று என் வயிறு பற்றி எரிந்தது. அவள் திரும்பி வந்தபோது கையில் அரக்குப் பட்டு கட்டிய மணப்பெண் பொம்மை, பக்கத்தில் மாப்பிள்ளை பொம்மை.

அந்த ஜோடியை, எட்டுப் பேர் பார்வையும் விழுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எட்டு லட்சுமியும் பொண்ணு மாப்பிள்ளையை ஆசீர்வாதம் பண்ணுவதுபோல் இருக்கிறதாம், இப்படியொரு கொலு வாலாஜாபாத்தில் யார் வீட்டிலும் இருக்காதாம், என் கைக்கு மோதிரம் போட வேண்டுமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தேவி பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றுகிற சாக்கில் என் காதருகே குனிந்தாள்.

"வயித்தெரிச்சல்ல வரைஞ்சன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

சம்பந்தியம்மா சொல்லி அனுப்பியதாக இப்போது வாலாஜாபாத்திலிருந்து ஆட்கள் வந்து அதே ஓரக்கண் லட்சுமிகளைக் கேட்கிறார்கள், நானும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஜோடிக்கு மட்டும் பக்கத்துக் கடைக்குப் போங்கள் என்று வயிறு எரிய எரிய என் கையாலேயே வழி காட்டிக்கொண்டிருக்கிறேன்.