நாகலூர் போட்ட நட்சத்திரங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்வீட்டு அம்மாள் என் கதவைத் தட்டி, உள்ளே யாருக்காவது உதவி தேவைப்படுகிறதா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் ஹார்ன் சத்தம் கேட்டதாம். ஒரு தடவை இல்லை, முப்பது தடவையாவது இருக்குமாம். லைப்சிக் நகரில் ஞாயிறு என்றால் ருஹெட்சைட், அமைதி காக்கும் நேரம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடக் கூடாது. ஹார்னுக்கும் தனியாக ஏதாவது சட்டம் இருக்குமோ என்று பயந்துவிட்டேன். கைபேசியைக் காட்டி, இது ஒரு கேம், நானே செய்தது, சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன். "ஹார்ன் எதற்கு?" என்றார். "வளைவு வருகிறது, அதற்கு" என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டி, நேராக நீண்டு கிடந்த நடையைப் பார்த்தார். பிறகு "அப்படியா" என்று மட்டும் சொல்லி இறங்கிப் போனார்.

எனக்குப் பயம் உடன்பிறந்தது. இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது, இன்னும் சிலுவை போட்டுக்கொண்டுதான் தபால் பெட்டியைத் திறக்கிறேன். பிழைப்புக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கிறேன். ஓய்வு நேரத்தில் எளிய மொபைல் கேம் செய்கிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் சனி ஞாயிறில் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டும்போது, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சின்ன பஸ்ஸைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற்றிக்கொண்டிருப்பேன். இருபது கொண்டை ஊசி வளைவு. விளையாடுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். வளைவுக்குச் சற்று முன்னால், சரியான நேரத்தில் ஹார்ன் அடிக்க வேண்டும். அடித்தால் மேலிருந்து இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிடும். அடிக்காவிட்டால் முட்டிக்கொள்ளும். நடுவில் குரங்கு வரும், மூடுபனி வரும், மூட்டையோடு நிற்கும் யாராவது கைகாட்டுவார்கள். விளம்பரம் எதுவும் வைக்கவில்லை. வைத்தால் வருமானம், வருமானம் என்றால் வரி, வரி என்றால் இன்னொரு கடிதம். அந்த வம்பே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கேம் செய்வதைவிட அதை நாலு பேர் பார்க்கும்படி செய்வதுதான் பெரும்பாடு. இந்தப் பித்துப் பிடித்த எல்லாருக்கும் இது தெரியும். அரை நிமிடக் காணொளி எடுத்துப் போட்டேன். படங்களை மாற்றி மாற்றி வைத்தேன். என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் கூடும் இணையத் தளங்களில், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, 'என் கேமை விளையாடிப் பாருங்கள்' என்று எழுதினேன். மூன்று மாதத்தில் பதினொரு பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் ஒருவர் நான், இன்னொருவர் என் பக்கத்து மேசைக்காரர் தோமாஸ். நல்ல மனிதர். முதல் வளைவிலேயே பன்னிரண்டு முறை முட்டிக்கொண்டு கைபேசியைத் திருப்பித் தந்தார்.

"ஹார்ன் அடிக்கவே இல்லையே நீங்கள்" என்றேன்.

"எதிரே யாருமே தெரியவில்லை. தெரியாத ஒருவரை நான் எதற்குத் திட்ட வேண்டும்?"

இந்த நாட்டில் ஹார்ன் என்பது வசவு. அவரிடம் எப்படிச் சொல்வது? நான் சேலத்தில் கல்லூரி படித்த மூன்று வருடமும் காலையில் பஸ்ஸில் மலையிறங்கி மாலையில் ஏறுவேன். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் நீளமாக ஒன்று அடிப்பார், மேலே எங்கோ மறைவில் இருந்து இன்னொன்று பதிலுக்கு வரும். 'வரேனுங்க', 'வாங்க வாங்க' என்று இரண்டு பேர் பேசிக்கொள்வதாகத்தான் எனக்குக் கேட்கும். மூடுபனி நாட்களில் அந்தப் பதில் ஹார்ன் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போதும் பயந்தாங்கொள்ளிதான்.

பதினொரு பேர் கணக்கை ஒருநாள் போனில் அப்பாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். நான் செய்த தவறு அதுதான். அப்பா ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருடம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஏழு மணிக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களை நோட்டில் குறித்து, ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுப்பார். அதற்கு மஸ்டர் என்று பெயர். ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியையே மஸ்டர் எடுத்துத்தான் உட்கார வைப்பார்.

அடுத்த ஞாயிறு மதியத்துக்குள் பதினொன்று ஐம்பத்து நான்காகிவிட்டது. எல்லாம் ஐந்து நட்சத்திரம். நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்ப்பதற்குள் அப்பா அழைத்தார்.

"பாத்தியா கண்ணு? சர்ச்சுல பூசை முடிஞ்சதும் எல்லாத்தையும் பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லிட்டேன். அங்கதான சிக்னல் நிக்கும். ஒவ்வொருத்தரு போனா வாங்கி நானே ஏத்திக் குடுத்தேன். நெட்டு தீந்துரும்னு யாரும் யோசிக்கக் கூடாதுன்னு, எல்லாத்துக்கும் என்ற போன்ல இருந்தே குடுத்துட்டேன்."

"எல்லாருமே அஞ்சு போட்டிருக்காங்களேப்பா?"

"பின்ன, நாலு போடறதுக்கா கூப்பிட்டேன்? என்ன எழுதறதுன்னு கேட்டாங்க. ஒரே மாதிரி இருந்தாத்தான் பாக்கறதுக்கு நல்லாருக்கும்னு நானே ஒண்ணு எழுதிக் காட்டினேன்."

'ஆட்டம் நன்றாக உள்ளது. மலைப்பாதை தத்ரூபம். மேன்மேலும் வளர வாழ்த்துகிறோம்.' இதே மூன்று வாக்கியம் நாற்பத்து மூன்று தடவை, ஒரே இடத்திலிருந்து, ஒரே ஒன்றரை மணி நேரத்தில். சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பேர் பேராகப் படித்து அழுதுகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் அந்தோணி அண்ணன். அப்பாவிடம் இருபது வருடம் காப்பிப் பழம் பறித்த ரோஸ்லின் அக்கா. எனக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர். பக்கத்து ஊரான கிளியூரிலிருந்து பூசைக்கு வந்தவர்களையும் அப்பா விடவில்லை போலிருக்கிறது.

மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. நான் கேமை ஏற்றியிருந்த, கேம்களை விற்று வினியோகிக்கும் தளத்திலிருந்து. என் கணக்கில் 'ஒருங்கிணைந்த போலி மதிப்பீடு' நடந்திருப்பதாக ஐயம். ஏழு நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். என் பெயரில் வேறு கணக்கும் இனி திறக்க முடியாது. நாலு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கணக்கில் இருந்தன. ஆனால் என்னை உலுக்கியது அதுகூட இல்லை. கடிதத்தின் நடுவில் 'மோசடி' என்ற சொல் இருந்தது, பக்கத்தில் என் முழுப்பெயர் இருந்தது. இரண்டு மாதத்தில் என் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு கேம் தளத்தின் கடிதத்துக்கும் அனுமதி அலுவலகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அறிவு சொன்னது. பயம் கேட்கவில்லை. அன்று அலுவலகத்தில் ஒரே படிவத்தை மூன்று முறை சோதித்தேன்.

விளக்கப் படிவத்தில் முதல் கேள்வி, மதிப்பிட்டவர்களுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்பது. பதிலாக அழுத்த மூன்று வட்டங்கள். பணம் கொடுத்து அமர்த்தியவர்கள். குடும்பத்தினர் அல்லது நண்பர்கள். எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். குடும்பத்தினரைக் கூட்டி நட்சத்திரம் போடச் சொல்வதும் விதிமீறல்தான் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் படிவத்தைத் தோமாஸிடம் காட்டினேன். அவர் இதையெல்லாம் நிதானமாகப் படிக்கிற மனிதர்.

"இவர்கள் உன் குடும்பமா?"

"இல்லை. அப்பா போட வைத்தார், அவர் போடவில்லை."

"நண்பர்களா? இவர்களோடு பேசுவாயா, எழுதுவாயா?"

யோசித்துப் பார்த்தேன். ரோஸ்லின் அக்காவிடம் கடைசியாகப் பேசி நாலு வருடம் இருக்கும். டீச்சருக்கு என் எண்கூடத் தெரியாது. "இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் தொடர்பு இல்லை. மூன்றாவது வட்டம். இதில் பொய்யே கிடையாது" என்றார். எனக்கு நன்மை செய்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்றேன். அண்டை வீட்டாரா என்று கேட்டார். அதுவும் இல்லை. நாற்பத்து மூன்று பேரும் யாரென்று எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டு நாய்கூட யாரைக் கடிக்கும், யாரைக் கடிக்காது என்று தெரியும் என்றேன். "நாய்களை இங்கே கேட்கவில்லையே" என்றார் தோமாஸ், உண்மையாகவே படிவத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை அப்பாவை அழைத்து விவரத்தைச் சொன்னேன். போட்ட நட்சத்திரத்தை எல்லோரும் எடுத்துவிட்டால் ஒருவேளை பிரச்சினை தீரலாம் என்றேன்.

"குடுத்ததை எடுங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது கண்ணு? அவீங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

"அவங்க தப்பு இல்லீங்கப்பா. கம்பெனிக்காரங்க போலின்னு நெனைக்கறாங்க."

"அவ்வளவுதான? இவீங்க எல்லாம் நம்ம ஆளுங்கன்னு நீயே எழுதிப் போட்டுரு. பேரு ஊரு எல்லாம் எங்கிட்ட நோட்டுல இருக்குது. போட்டோ புடிச்சு அனுப்பறேன், அதையுஞ் சேத்து அனுப்பிரு. ஆளு நெசமா இருக்கறப்ப போலின்னு எப்படிச் சொல்லுவான்?"

அவருக்கு அது மஸ்டர் தகராறு. எஸ்டேட் துரை வந்து ஆள் குறைகிறதே என்று கேட்டால், நோட்டை நீட்டிப் பெயர் வாசித்துக் காட்டினால் முடிந்தது. சரிங்கப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். போட்டோ வரவில்லை. மழையும் காற்றுமாக இருக்கிறது, கரண்ட் இல்லை, டவரும் போய்விட்டது என்று ஏற்காடு டவுனில் இருக்கும் தங்கை சொன்னாள். ஒருநாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். வந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அந்த நோட்டை இணைத்து அனுப்பினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். ஏழாம் நாள் மாலை, வேலை முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல், மூன்றாவது வட்டத்தை அழுத்தினேன். எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். வெட்கமான விஷயம், அழுத்தி முடித்ததும் நன்றாகப் பசித்தது.

மறுநாளே பதில் வந்துவிட்டது. உங்கள் விளக்கத்தை ஏற்கிறோம். உங்களோடு தொடர்பில்லாத நாற்பத்து மூன்று மதிப்பீடுகளும் நீக்கப்பட்டன. கணக்கு வழக்கம்போல் இயங்கும். ஒத்துழைப்புக்கு நன்றி. தோமாஸ் எனக்கு ஒரு கேக் வாங்கி வந்து மேசையில் வைத்தார். நானும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அன்று மதியம் நாகலூரில் டவர் வந்தது. முதலில் அப்பாவின் குரல் பதிவு: "பேரெல்லாம் செரியா இருக்குதான்னு ஒருக்கா பாத்துட்டு அனுப்பு கண்ணு. ரோஸ்லின் வந்து கேட்டுச்சு. பாப்பா நம்ம எல்லாத்து பேரையும் எழுதி அனுப்பிருச்சு, இனி ஒண்ணும் பயமில்லீன்னு சொல்லிட்டேன்." அதற்குப் பின்னால் நோட்டின் படம் வந்தது. நீலக் கோடு போட்ட பக்கம், ஸ்கேல் வைத்து இழுத்த கட்டங்கள், அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. நாற்பத்து மூன்று பெயருக்கு நேராகவும் டிக் இருந்தது. ஆனால் வரிசை எண் நாற்பத்து நான்கு வரைக்கும் போயிருந்தது. விரலால் பெரிதாக்கி மேலிருந்து பார்த்தேன்.

எஸ்டேட்டில் ஆப்சென்ட் வேறு, லீவு வேறு. தொடர்ந்து ஆப்சென்ட் விழுந்தால் மஸ்டரிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். லீவு என்று குறித்தால் எத்தனை நாளானாலும் பெயர் இருக்கும், தினமும் காலையில் கூப்பிடவும் கூப்பிடுவார்கள். அப்பாவின் நோட்டில் முதல் பெயர் ஆ. ஸ்டெல்லா மேரி, நான்தான். அதற்கு நேரே கட்டத்துக்குள் அடங்காமல் கொஞ்சம் வெளியே தள்ளி 'லீவு' என்று எழுதியிருந்தார்.