அட்டையில் நாலு நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் வடக்கே வேலை பார்த்தபோது, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தேன். பழைய தொழிற்சாலைக் கடிகாரங்களைச் சேர்க்கும் பைத்தியம் எனக்கு. வேலைக்கு வரும் நேரத்தை அட்டையில் அச்சடிக்கும் பஞ்சிங் கடிகாரம் மட்டும் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் பழைய இரும்புச் சாமான் வாங்கி விற்கும் கபாடிக்காரர் ஒருவர் பூட்டிக் கிடந்த ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். மேனேஜர் கொடுத்த சீட்டைக் காட்டி, கேட்டுக்கு வெளியே மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றினோம். ஆட்டோவில் ஏற்றும்போது ஒரு தொழிலாளி ஓடி வந்தார். என் இந்தியைக் கேட்டதுமே தமிழன் என்று கண்டுகொண்டு, தமிழிலேயே பேசினார்.

“சார், அத எடுக்காதீங்க. கேட்டைப் பூட்டிட்டு, நாங்கதான் வேலைக்கு வரலைன்னு கோர்ட்ல சொல்றாங்க. வந்தோம்னு காட்டத்தான் தினமும் இதுல அட்டை போடறோம். வேற சாட்சி இல்ல சார்.”

“ரசீதோட வாங்கியிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, “பையா, ஜல்தி சலோ” என்று ஆட்டோக்காரரை விரட்டினேன்.

ஆசைப்பட்ட பொருள் வீட்டுக்கு வந்தும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனால் கை நின்றது.

“அவர் கேட்டது நியாயம்தானே? கொண்டுபோய்க் குடுத்துடுங்கோ” என்றாள் மனைவி.

ஐந்தாம் நாள் காலை கொண்டுபோனேன். அந்தத் தொழிலாளி அதை வாங்கி, பழைய இடத்திலேயே மாட்டி, சாவி கொடுத்து, மணியைச் சரிசெய்து, தன் அட்டையைச் செருகினார். எட்டிப் பார்த்தேன். அன்றைய அச்சுக்கு முன்னால் நாலு கட்டங்கள் காலியாக இருந்தன.

வழக்கு என்ன ஆயிற்று என்று போய்க் கேட்கும் துணிச்சல் எனக்கு வரவேயில்லை. அந்த நாலு நாளும் அவர்கள் வந்திருந்தார்கள். வராதவர்களாக ஆக்கியவன் நான்.