மூடி போட்ட கை

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குப் புயல் என்று பெயர். வைத்தது இஸ்திரி மேஜைக்காரியான நான்தான். சைக்கிளில் வந்தால் வாசலில் பிரேக் பிடிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நேராகப் பின்சுவர் வரை வந்து, செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவாள். மணி இல்லை. மட்கார்டு ஒரு பக்கம் தொங்கும். டயரின் வால்வுக்கு மூடி நிலைத்ததே இல்லை. கேட்டால், "காத்து உள்ள இருக்கு, நான் மேல இருக்கேன், போதாதா?" என்பாள்.

அந்த மூடிக்காகத் தினமும் அவளோடு மல்லுக்கு நின்றவள் அவளுடைய உயிர்த்தோழி. அவளுக்குப் பட்டப்பெயரே மூடி. டப்பா, பாட்டில், சோப்புப் பீப்பாய், எது திறந்திருந்தாலும் மூடிவிடுவாள். நான் குடித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் பாட்டிலை இரண்டு வாய்க்கு நடுவே மூடிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் பையில் ஒரு கைப்பம்பும் சின்னக் கறுப்பு வால்வு மூடிகளும் எப்போதும் கிடக்கும். புயலின் சைக்கிளைக் கண்டால் குந்தி உட்கார்ந்து இரண்டு சக்கரத்துக்கும் போடுவாள். அடுத்த முறை காற்றடிக்கும்போது புயல் அதைத் தொலைப்பாள். இவள் மறுபடி போடுவாள்.

"தூசி உள்ள போயிடும்டி."

"போகட்டும். உன் வீட்டுக்குள்ளயா வருது?"

"மழைத்தண்ணி போனா துருப்பிடிக்கும்டி."

"என் புருஷன் ஓடிப்போனப்பகூட நீ இவ்வளவு கவலைப்படலியே!"

ஒருநாள் தெருமுனை சைக்கிள் கடைக்காரரைப் பஞ்சாயத்துக்கு இழுத்தோம். "காத்தைப் பிடிச்சு வெக்கிறது வால்வு. மூடி தூசிக்குத்தான். போட்டா நல்லது, போடலேன்னா ஒண்ணும் குடி முழுகிடாது" என்று சொல்லி நழுவிவிட்டார். இரண்டு பேருமே தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

காலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைப்பார்கள், மதியத்துக்கு மேல் காய்ந்ததை மடிப்பார்கள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து, முனைகளை ஒருத்தி மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும்தான் ஜோடி. பேச்சு நிற்காது, விரிப்பும் கோணாது.

புயலின் கைதான் கெட்டுப்போயிற்று. ப்ளீச் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெடித்து, மடிக்கிற வெள்ளை விரிப்பில் ரத்தப்பொட்டு விழ ஆரம்பித்தது. விழுந்தால் அந்த விரிப்பு மறுபடி தொட்டிக்குப் போகும், அவள் கையும் கூடவே போகும். "தண்ணியிலேர்ந்து கையை எடுத்தாத்தாம்மா ஆறும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் மூடிதான் அந்தக் கைக்கு மருந்து தடவி, துணி சுற்றிக் கட்டிவிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெற்ற தாய்கூட அவ்வளவு பதமாகத் தொடமாட்டாள்.

அப்போதுதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் புது ஆஸ்பத்திரியில் சலவை மேற்பார்வைக்கு ஆள் தேடினார்கள். துணியை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுக்கிற வேலை. தண்ணீரில் விரல் வைக்க வேண்டாம். மூன்று மணிக்குள் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். புயலுக்கு அது வேலை இல்லை, கைக்கு விடுதலை. அன்று காலை புயலின் நல்ல உடுப்பை மூடிதான் என் மேஜைக்குக் கொண்டுவந்து, என்னைத் தள்ளிவிட்டுத் தானே தேய்த்தாள். "நீ தேய்ச்சா காலர் சுருங்கும்" என்றாள்.

மதியம் புயல் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் சைக்கிளின் இரண்டு டயரும் தரையோடு சப்பென்று கிடக்கின்றன.

"பம்பைக் குடுடி!"

"ஐயோ, இன்னிக்குப் பாத்து வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேனேடி" என்றாள் மூடி.

அந்தப் பாலத்தில் பஸ் போகாது. புயல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து சேரும்வரை நல்ல உடுப்போடு வெயிலில் நின்றாள். அவர் டியூபைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார்.

"பஞ்சரே இல்லம்மா. யாரோ வேணும்னே காத்தைப் பிடுங்கியிருக்காங்க." மூடியைக் கழற்ற விரலால் முடியாமல் குறடு எடுத்தவர் சிரித்துவிட்டார். "நேத்து நான் காத்தடிக்கும்போது மூடியே இல்லையே. பிடுங்கினவங்க ரொம்ப ஒழுங்கானவங்க போல. புது மூடியா போட்டு, இறுக்கி வேற விட்டிருக்காங்க!"

புயல் சிரிக்கவில்லை. வம்புக்குக் காற்றைப் பிடுங்குகிறவன் மூடியைச் சாக்கடையில் வீசுவான். காலியான டயருக்குக்கூட மூடி போடுகிற கை ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கை அவளுக்குத் தெரியும்.

அப்படியும் மிதித்துக்கொண்டு போனாள், போய்ச் சேரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. "ஆள் எடுத்தாச்சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னாள். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதானே! "இரு, நான் போய் நாலு வார்த்தை நல்லா கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தேன். "நீ வாயைத் திறக்காதே" என்று உட்காரவைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் வழக்கம்போல விரிப்பை எடுத்தார்கள். இழுத்தார்கள், எதிரெதிரே நடந்தார்கள். முனைகளை மூடியின் கையில் கொடுக்கும்போது, கூடவே அந்த இரண்டு கறுப்பு மூடிகளையும் புயல் அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"காத்தைப் பிடுங்கின, சரி. மூடியை எதுக்குடி போட்ட?"

மூடியின் முகம் வெளுத்துவிட்டது. "நீ போயிட்டா நான் யாரோடடி மடிப்பேன்? எனக்கு இங்க வேற யாருடி இருக்கா?"

"அதைக் கேக்கல. மூடியை எதுக்குப் போட்ட?"

மூடி அந்த இரண்டையும் கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு சின்னக் குரலில் சொன்னாள், "தூசி உள்ள போயிடும்னு."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு திருடி மாதிரி மழுப்பியிருந்தால் அடிக்கவாவது போயிருப்பேன்.

"அடுத்த விரிப்பை எடுங்க" என்றாள் புயல். மூடியிடம் அவள் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்றுவரை அப்படித்தான் பேசுகிறாள். இரண்டு பேரும் எதிரெதிரே நடந்துதான் மடிக்கிறார்கள், விரிப்பு ஒரு நூல்கூடக் கோணுவதில்லை. சாயங்காலமானால் புயல் தனியாக உட்கார்ந்து தானே மருந்து தடவிக்கொள்கிறாள். கட்டுப் போட ஒரு கை போதாது. துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து முடிச்சுப் போடுகிறாள்.