ரேடியோவுக்கு ஒருநாள் லீவு

பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய அடாப்டர் என் கால்மேல் விழுந்தது. யோசனை வந்தது அந்த வலியில்தான். இந்தக் காலத்து அடாப்டர் விழுந்தால் விழுந்ததே தெரியாது. இது கல்லாக விழுந்ததென்றால் உள்ளே இரும்பும் செம்புக் கம்பியுமாக ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்க வேண்டும். எனக்கு அப்போது தேவைப்பட்டது அதுதான்.

மந்தைவெளியில் இருந்தோம். நான் பத்தாவது படித்தேன். வடபழனியில் சினிமா செட்டுகளுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்த மாமா, ஒரு வால்வு ரேடியோவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டிருந்தார். விளக்கு எரியும், வால்வுகள் சிவக்கும், சத்தம் மட்டும் வராது. வால்விலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தத்தை எடுத்துப்போகும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் கம்பி அறுந்திருப்பதை மல்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடித்திருந்தேன். மாமாவுக்கு அந்த ஆராய்ச்சியில் அக்கறை இல்லை. விஜயதசமியன்று பெட்டியைத் தூக்கிப்போய், உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, புளூடூத் ஸ்பீக்கர் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள பாடிச்சுன்னா நீயே வெச்சுக்கோ," என்றார், பாடாது என்ற நம்பிக்கையில்.

அடாப்டர் விழுந்தது ஆயுத பூஜை அன்று காலையில். அதாவது, கெடுவுக்கு முந்தின நாள். அவசர அவசரமாக உடைத்தேன். ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் ஒன்பது. கிட்டத்தட்ட எனக்கு வேண்டிய விகிதம். ரேடியோவின் பின்பலகையைக் கழற்றினேன். ஆசைக்கு ஒருமுறை சுவிட்சைப் போட்டு, விளக்கு எரிவதைப் பார்த்து, அணைத்து, பிளக்கையும் பிடுங்கினேன். உள்ளே கை விடப்போன நேரத்தில் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"கைய எடு. பூஜைக்கு வெக்கணும்."

"அஞ்சே நிமிஷம்மா."

"ஆயுதத்துக்கெல்லாம் இன்னிக்கு லீவு. நாளைக்குத்தான் தொடணும்."

மாமா பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "இன்னா சயின்டிஸ்ட், சாமியே ஸ்டே ஆர்டர் குட்த்துட்ச்சு போல கீது," என்றார்.

சால்டரிங் அயர்ன், பிளேயர், மல்டிமீட்டர், கடைசியில் ரேடியோ என்று எல்லாவற்றுக்கும் பொட்டு விழுந்தது. அம்மாவும் மாமாவும், அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து சதி செய்வதாகவே நினைத்தேன். அழுதுகொண்டே சுண்டலைத் தின்றேன். சுண்டல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் கற்பூரம் காட்டி முடித்ததுதான் தாமதம், பொட்டோடு பொட்டாக எல்லாவற்றையும் அள்ளிவந்தேன். எந்த முனையில் விரல் படுகிறது என்றுகூடப் பார்க்காமல் பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தேன். மாமா ஒரு கோணியோடு வாசலில் வந்து நின்றபோது சுவிட்சைப் போட்டேன். முதலில் சத்தமே இல்லை. மாமா கோணியை உதறினார். பிறகு ஒரு ரீங்காரம். முள்ளைத் திருப்பியதும், கரகரப்பின் நடுவிலிருந்து நாதஸ்வரம் வந்தது.

மாமா குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். "பாடுது," என்றார். கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "புளூடூத்துக்கு வேற பொட்டி பாத்துக்கறேன்," என்று காபிக்கு உட்கார்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உயிர் உண்மையாகவே போகப் பார்த்தது என்பது காலேஜ் லேபில்தான் தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த ஒரு மெஷினின் கெபாசிட்டர் மேல் லேப் அசிஸ்டென்ட் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். பட்டென்று பொறி பறந்தது. மின்சாரத்தை நிறுத்தினாலும் அதற்குள் தேங்கி நிற்கும், தானாக வடிய நேரமாகும் என்றார். ரேடியோவுக்குள்ளும் அப்படியொரு கெபாசிட்டர் உண்டு. ஆயுத பூஜை அன்று நான் கை விடப்போன இடம் அதுதான். பொட்டு வைத்துக்கொண்டு சும்மா இருந்த ஒரு பகலிலும் ஓர் இரவிலும் அது வடிந்திருக்கிறது.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் செய்து, தெரிந்துதான் தடுத்தாயா என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாடி தெரியும்? காலைலேர்ந்து ஒண்ணும் துன்னாம அதையே கட்டிக்கினு இருந்த. சாமி பேர சொன்னாதான் எழுந்திருப்ப."

அந்த ரேடியோ இன்னும் பாடுகிறது, அடித்தொண்டை மட்டும் இல்லாமல். அடாப்டர் டிரான்ஸ்பார்மரால் அவ்வளவுதான் முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துவிட்டு, நானே சுற்றிய ஒன்றைப் பொருத்தப்போகிறேன். கெபாசிட்டரை வடியவைக்க ஒரு ரெசிஸ்டரும், வடிந்ததா என்று பார்க்க மல்டிமீட்டரும் தயார். அம்மா இட்லிக்கு ஊறப்போட்டிருக்கிறாள். சாப்பிட்ட பிறகுதான் பின்பலகையைத் தொடுவேன்.